பிரிஜெட் ராட்டினம் ஏறிய காலை

மாரிக்குப்பம், கோலார் தங்கவயல்
7 நவம்பர் 1937

அன்புத் தங்கை பிரிஜெட்டுக்கு அண்ணன் ரெமிஜியஸ் எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். அங்கே பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? துரைசானி வீட்டு ஆயா வேலைக்கு இன்னும் நடந்துதான் போகிறாளா?

அம்மா கோவில் உபதேசியாரை வைத்து எழுதிய கடிதம் வந்தது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் நீ கன்னியர் மடத்தில் சேரப்போகிறாய் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். நம் வீட்டில் ஒரு பெண் கன்னியாஸ்திரி ஆவது பெருமைதான். கூட வேலை செய்யும் யூஜினிடம் சொன்னேன், அவனும் சந்தோஷப்பட்டான். ஆனால் ஒன்று கேட்கிறேன். எட்டாவது வரை படித்த நீ வீட்டிலேயே இருக்கும்போது, இதை எழுத அம்மா ஏன் உபதேசியாரிடம் போனாள்? இது உன் சொந்த ஆசைதானே?

ஒரு கலர் புடவை வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்பியிருக்கிறேன். மடத்துக்குப் போனால் வெள்ளைதான். போவதற்குள் ஒரு தடவையாவது நல்லதாகக் கட்டிக்கொள்.

அம்மாவுக்கு என் தோத்திரம்.

உன் அண்ணன்
ரெமிஜியஸ்

---

மர்பி டவுன், பெங்களூர்
26 நவம்பர் 1937

பிரியமுள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உனக்கு இருமல் விட்டதா? சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் சுடுதண்ணீர் குடிக்கிறாயா?

நீ அனுப்பிய பணத்தில் புடவை வாங்கவில்லை. என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அல்சூர் ஏரிக்கரை மைதானத்தில் ஒரு கார்னிவல் கம்பெனி வந்து இறங்கியிருக்கிறது. சாயங்காலம் முழுக்கப் பட்டாளத்துச் சிப்பாய்களின் கூட்டம். ஆனால் வியாழக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் திறக்கிறார்கள். பர்தா போடுகிற கோஷாப் பெண்கள் வருவதற்காக சுற்றிலும் கித்தான் படுதா கட்டிவிடுகிறார்கள். ராட்டினம் ஓட்டுகிறவர்களைத் தவிர ஓர் ஆணையும் உள்ளே விடுவதில்லை. மடத்துக்கு வேண்டிய வெள்ளை லாங்கிளாத் துணி வாங்கிவர அம்மா என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள். நான் மைதானத்துப் பக்கம் திரும்பிவிட்டேன். வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே புல் எல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. ஆயில் இன்ஜின் புகையில் கண் எரிந்தது. முதலில் குடை ராட்டினத்தில் மரக் குதிரைமேல் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி எல்லாம் குழந்தைகள். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது சுற்றில் வெட்கம் போய்விட்டது.

பிறகு படகு ஊஞ்சல். கயிற்றைப் பிடித்து நாமே இழுத்து ஆட்ட வேண்டும். எதிரே ஒருவர் இருந்தால் சுலபம். டிக்கெட் கொடுக்கிற, கவுன் போட்ட சட்டைக்காரப் பெண், “ஒருத்தியாவா போறே? முடியாதும்மா, வேற யாராச்சும் வரட்டும்” என்றாள். முடியும் என்று ஏறிவிட்டேன். முதலில் அசையவே இல்லை. உள்ளங்கை எரிய எரிய இழுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, கடைசியில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. கீழே நின்ற பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு யாராவது கை தட்டி நான் கேட்டதில்லை.

அடுத்தது சங்கிலி ராட்டினம். நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கம்பியைக் குறுக்கே போடுகிறார்கள். சுற்றத் தொடங்கினால் நாற்காலி அப்படியே வெளியே பறக்கிறது. ஒரு செருப்பு கழன்று படுதாவுக்கு அப்பால் விழுந்துவிட்டது. மற்றதையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு மறுபடியும் ஏறினேன்.

கடைசியில்தான் பெரிய ராட்டினம். ஒரு தொட்டியில் இரண்டு பேர் உட்காரலாம். என் பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்த பெண்ணிடம், “அக்கா, நான் தனியா போறேன்” என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் கோபிக்காமல் இறங்கிக்கொண்டாள்.

ஆட்களை ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தி நிறுத்திச் சுற்றுகிறார்கள். என் தொட்டி உச்சியில் போய் நின்றது. காற்றில் அது மெதுவாக ஆடியது. கீழே ஏரி முழுக்கத் தெரிந்தது. ஏரியில் துணி துவைக்கிறவர்கள், பட்டாள லைன் வீடுகள், நம் மர்பி டவுன் ஓட்டுக் கூரைகள், மாதா கோவில் கோபுரம், அதற்குப் பக்கத்தில் கன்னியர் மடம். மடத்து மதிலைச் சிறுவயதிலிருந்து வெளியேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் அது தரையில் கிழித்த கோடு மாதிரி இருந்தது. உள்ளே ஒரு முற்றம். கொடியில் வெள்ளைத் துணிகள். ஒரு சிஸ்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து போனாள். முற்றத்தின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு அவள் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது ராட்டினம் இறங்கியது. என்னைக் கேட்காமல் தரை மேலே வந்தது. வயிற்றில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. நான் கத்தினேன். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் சத்தம். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இறங்கினபோது ஒரு வயசான கோஷா அம்மாள் முகத்திரையைத் தூக்கிச் சிரித்தார்கள். “அகேலி வந்தியா பேட்டி? தனியாவா மவளே? நல்லா கத்து. வூட்டுக்குப் போனா நம்மள யாரு கத்த விடறாங்க?” என்றார்கள்.

மறுபடியும் ஏறினேன். அதற்குப் பிறகும் ஏறினேன். கோவிலில் மத்தியான மணி அடித்தபோதுதான் இறங்கினேன். துணிக்கடை மூடியிருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

குளிர் நாளில் கம்பளி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ.

உன் தங்கை
பிரிஜெட்

---

மாரிக்குப்பம்
5 டிசம்பர் 1937

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். இருமல் கொஞ்சம் குறைவு. உன் உள்ளங்கை ஆறிவிட்டதா?

உன் கடிதத்தை யூஜினுக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு பறந்த இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வயிறு காலியாவதைப் பற்றி எழுதியிருந்தாயே, எங்களுக்கு அது தினமும் உண்டு. கூண்டில் எங்களை அடைத்து சுரங்கத்துக்குள் இறக்கும்போது அதேதான். ஆனால் நாங்கள் யாரும் கத்துவதில்லை. உன் கடிதத்தைப் படித்த மறுநாள் இறங்கும்போது கத்தினால் என்ன என்று நினைத்தேன். பக்கத்தில் மேஸ்திரி நின்றதால் வாயை மூடிக்கொண்டேன்.

சிரித்து முடித்த பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவே இல்லை, பிரிஜெட். இது உன் ஆசையா, இல்லையா?

ரெமிஜியஸ்

---

மர்பி டவுன்
14 டிசம்பர் 1937

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். அம்மா இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை.

கார்னிவலில் உபதேசியார் மனைவியும் இருந்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, “உங்க அண்ணன் உசுரோட வெளையாடாதடி” என்றாள்.

நீ கேட்டுவிட்டாய், நானும் இனிமேல் மறைக்கவில்லை. எனக்குப் பத்து வயதில் அம்மா இதைச் சொன்னாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று தேவமாதா சுரூபத்தின்மேல் சத்தியம் வாங்கினாள். அந்த விஷக் காய்ச்சல் வந்த வருஷம் அப்பா இறந்து அடக்கம் செய்த அன்றே நீயும் நினைவில்லாமல் படுத்துவிட்டாய். அப்போது நான் அம்மா வயிற்றில். “இவன விட்டுடும் ஆண்டவரே, வயித்துல இருக்கறது பொண்ணா பொறந்தா அது உமக்கு” என்று அம்மா நேர்ந்துகொண்டாள். நீ பிழைத்தாய். நான் பெண்ணாகப் பிறந்தேன்.

நான் போகாவிட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அம்மா நம்புகிறாள். நீ தினமும் இறங்குகிற இடம் அப்படிப்பட்ட இடம். அவளை நான் குறை சொல்லவில்லை.

மடம் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று நான் யோசித்ததே இல்லை, அண்ணா. யாரும் கேட்டதில்லை. உன் கடிதத்தில்தான் அந்தக் கேள்வியை முதலில் பார்த்தேன். பதில் தெரியாமல்தான் மைதானத்துப் பக்கம் போனேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரிஜெட்

---

மாரிக்குப்பம்
17 டிசம்பர் 1937

பிரிஜெட்டுக்கு,

கிறிஸ்மஸுக்கு லீவு போட்டுவிட்டேன். வருகிறேன். அதுவரை மடத்துக்கென்று துணி எதுவும் தைக்க வேண்டாம். என் உயிருக்கு உன்னைக் கொடுத்ததாக இருபது வருஷம் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

ரெமிஜியஸ்

---

மர்பி டவுன்
12 ஜனவரி 1938

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்தாயா? பவ்ரிங்பேட்டையில் ரயில் மாறும்போது மழை பெய்ததா? இங்கே அன்று நல்ல மழை.

கிறிஸ்மஸ் அன்று நீ அம்மாவிடம் அவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டாம். “நீ உசுரோட நின்னு கத்தறியே, அது எப்படின்னு நெனச்சியா?” என்று அவள் கேட்டதும் நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நீ கோபித்துக்கொண்டு போன பிறகு அவள் உன் தட்டைக் கழுவாமல் இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தாள்.

ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அம்மா என்னை மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மடத்துத் தலைவி மதர் பெர்னதெத் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். புதுச்சேரிக்காரர். கடுமையானவர் என்று சொல்வார்கள். ராட்டின விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

“எத்தினி தடவ ஏறின?”

“தெரியல மதர். எண்ணல.”

“பயமா இருந்துச்சா?”

“ஏறும்போது இல்ல மதர். எறங்கச் சொன்னப்போதான்.”

பிறகு, “யாரு உன்ன இங்க அனுப்பறாங்க?” என்று கேட்டார். நேர்ச்சையைச் சொன்னேன். அம்மாவை உள்ளே கூப்பிட்டு, “நேர்ச்சை யாரு வாயிலேருந்து வந்துச்சோ அவங்களத்தான் கட்டும். இவ தானா வந்தா கதவத் திறப்பேன். நீங்க இழுத்துட்டு வந்தா திறக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து உன் பெயரைச் சொல்லி ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். தினமும் தபால்காரரைப் பார்த்து வாசலில் நிற்கிறாள். கோபத்தை விட்டுவிட்டு அவளுக்கு இரண்டு வரி எழுது.

பிரிஜெட்

---

மர்பி டவுன்
20 பிப்ரவரி 1938

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இருந்தால் ஏன் எழுதவில்லை? ஜனவரியில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அதன் பிறகு போட்ட இரண்டு கார்டுகளுக்கும் இல்லை.

சுரங்கத்தில் பாறை வெடித்து ஆட்கள் அடிபட்டதாக மார்க்கெட்டில் பேசிக்கொள்கிறார்கள். அது எந்தச் சுரங்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா காதில் விழாமல் பார்த்தேன், விழுந்துவிட்டது. அவள் சாப்பிடுவதில்லை. என்னை ஒன்றும் சொல்வதில்லை. என்னைப் பார்ப்பதும் இல்லை.

நேற்று நானே சொல்லிவிட்டேன். தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று மடத்துக்குப் போய், நானாகத்தான் வந்தேன் என்று மதரிடம் சொல்கிறேன் என்று. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எழுது, அண்ணா. எதுவாக இருந்தாலும் எழுது.

பிரிஜெட்

---

மாரிக்குப்பம்
24 பிப்ரவரி 1938

அன்புத் தங்கைக்கு,

நான் பரம சுகம். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல யூஜின் எழுதுகிறான். என் விரலில் நகச்சுத்தி வந்து வீங்கிவிட்டது; பேனா பிடிக்க முடியவில்லை. வேலை அதிகம், அதனால்தான் தாமதம். பாறை வெடித்தது உண்மை, ஆனால் நான் இருந்த பக்கம் இல்லை. இதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

விபூதிப் புதனுக்கு நீ எங்கும் போக வேண்டாம். போகவே கூடாது. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அம்மா சாப்பிடட்டும்.

உன் அண்ணன்
ரெமிஜியஸ்

---

மர்பி டவுன்
14 மார்ச் 1938

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று உன்னைப் பார்த்துவிட்டு வந்த ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். காயம் எப்படி இருக்கிறது? ராத்திரி வலி விட்டதா?

யூஜின்மேல் கோபப்படாதே. தன் அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக அவர் இங்கே நீலசந்திராவுக்கு வந்திருந்தார். கோவில் வாசலில் பார்த்து, “அண்ணனுக்கு விரல் ஆறிடுச்சா?” என்று கேட்டேன். “எந்த விரலு?” என்று கேட்டுவிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நீ ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னார். பொய் எழுதத் தெரிந்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, “மேல இருக்கற விளக்கறையில வேலை தர்றேன்னு சொல்லிட்டாங்க, இனிமே கீழ எறங்க வேண்டாம், நல்லதுதானே” என்று சிரித்தாய். உனக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை என்பதை நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. சாப்பாடு ஊட்டும்போது இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குத் தெரிந்தால், நேர்ச்சை தவறியதால்தான் இப்படி ஆனது என்பாள், என்னை அன்றைக்கே மடத்துக்குத் துரத்திவிடுவாள் என்றாய். உன் கடிதத்தை நம்பித்தான் விபூதிப் புதன் அன்று நான் மடத்துக்குப் போகவில்லை. எனக்காக நீ ஒரு மாதம் அந்த வலியை மூடி வைத்திருக்கிறாய்.

சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. நீலசந்திராவில் விசேஷ வீட்டில் இருந்துவிட்டேன் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யூஜின் மூலம் கஞ்சி மாவு அனுப்புகிறேன். குடி.

பிரிஜெட்

---

மர்பி டவுன்
27 மார்ச் 1938

அன்புள்ள அண்ணனுக்கு,

இது அம்மாவின் கடிதம். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றக்கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ரெமி, அம்மா பேசறேன்பா. சாப்டியா? காயத்துல தண்ணி படாம பாத்துக்கறியா?

எனக்குத் தெரியும். இவ மேல கோவப்படாத. நகச்சுத்தி ஒரு மாசத்துக்கு மேலயா இருக்குமாடின்னு கேட்டேன். அழுதுட்டா. எந்தக் கைன்னு கேட்டேன். சோத்துக் கைன்னா.

அன்னிக்கு நான் கோயிலுக்குப் போயி ஒக்காந்தேன். ஆண்டவர்கிட்ட சண்ட போட்டேன். நான் குடுக்கலன்னுதானே எடுத்துக்கிட்டீர், அப்படின்னு கேட்டேன். கேட்டு முடிச்சதும், நீயும் இவளும் மாத்தி மாத்தி என்கிட்ட மறைச்சத நெனச்சேன். அவ போயிடக்கூடாதுன்னு நீ மறைச்ச. ஒனக்குக் குடுத்த வாக்குன்னு அவ மறைச்சா. ரெண்டு பேரும் எதுக்குப் பயந்தீங்க? என்னப் பாத்துத்தானே?

உங்கப்பா போனப்ப கையில இருந்தவன் நீ, வயித்துல இருந்தவ இவ. கையில இருந்தவனக் காப்பாத்த வயித்துல இருந்தவளக் குடுத்தேன். வேற என்ன இருக்கு எங்கிட்டன்னு அப்ப தோணுச்சு. நான் இருந்தேன்ல. அது எனக்குத் தோணவே இல்லப்பா.

மதர் பெர்னதெத்தப் பாத்துட்டு வந்துட்டேன். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்கு திருநாள் கழிச்சு, தாயில்லாப் புள்ளைங்களுக்கு மடத்துல சமைக்கப் போறேன். அங்கயே தங்கிக்கறேன். “முழங்கால் வலியோட முடியுமா?”ன்னு கேட்டாங்க. என் வாய்தானே நேந்துச்சு, என் கால்தான் நடக்கணும்னு சொன்னேன். கதவத் தெறந்துட்டாங்க.

அதுக்கு முன்னாடி ஒன்ன வந்து பாக்கறேன். அப்ப போர்வைய இழுத்துக்காத. நான் பெத்த கை அது. எது இருக்கோ, எது இல்லையோ, நான் பாக்கணும்.

அம்மா சொன்னது இவ்வளவுதான், அண்ணா. இனி நான் எழுதுகிறேன்.

சொல்லி முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்தவள், கதவருகில் நின்றுவிட்டாள். “ஏண்டி, ஒனக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

உன்னிடம் வந்து இருப்பதா, இங்கே ஒரு வேலை தேடிக்கொள்வதா, ஒருநாள் நானாகவே அந்த மடத்துக் கதவைத் தட்டுவேனா, எதுவும் தெரியவில்லை. “யோசிச்சு சொல்றேம்மா” என்றேன்.

“மெதுவா சொல்லு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

உன் தங்கை
பிரிஜெட்